கண்டம் செய்வதற்கு முன்

தீபாவளிக்கும் போகிக்கும் முன்னால் நம் காலனிகளில் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். கபாடிவாலாவின் தள்ளுவண்டி வாசலில் நிற்கும். நம் ஊரில் காயலான் கடைக்காரர் என்போமே, அவர்தான். வண்டியில் கால் ஆடும் நாற்காலி, கீல் கழன்ற அலமாரி, பிரம்பு தொய்ந்த ஈஸிசேர் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். இரும்புக்காவது எடை போட்டுக் காசு தருவார். மரத்துக்குப் பெரும்பாலும் அதுவும் கிடையாது. "இடத்தை அடைக்காமல் கொண்டுபோனால் சரி" என்று நாமே சும்மா கொடுத்துவிடுகிறோம். மறுநாள் அட்டைப் பெட்டியில் புதுச் சாமான் வந்து இறங்கும்.

இதைப் பற்றி நாலு வார்த்தை எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக எண்ணம். டிப்ளமா முடித்து, ரயில்வேயில் அப்ரெண்டிஸ் டி.எக்ஸ்.ஆராகச் சேர்ந்து, சீனியர் செக்ஷன் இன்ஜினியராக ஓய்வு பெற்றவன் நான். கோச்சும் வேகனும் இன்னும் ஓடத் தகுதியுள்ளவையா, இல்லையா என்று பார்த்துச் சொல்வதுதான் முப்பத்தாறு வருஷம் என் உத்தியோகம். 'கண்டெம்' என்ற ஆங்கிலச் சொல்லை எங்கள் தமிழ்க் கலாசிகள் அழகாகக் 'கண்டம்' ஆக்கிவிட்டார்கள். "இந்த வண்டி கண்டம் ஸார்" என்றால் அதன் கதை முடிந்தது என்று பொருள்.

ஆனால் ரயில்வேயில் எதையும் யாரும் மனம் போனபடி கண்டம் செய்துவிட முடியாது. இரும்புக் கோச்சுக்கு 25 வருஷம் ஆயுள் என்று விதி இருக்கிறது. அந்த ஆயுளுக்குள் குறித்த கால இடைவெளியில் பட்டறைக்குக் கொண்டுபோய், அக்கு அக்காகப் பிரித்துப் பார்த்து, தேய்ந்ததை மாற்றி, வர்ணம் பூசி அனுப்புவார்கள். பி.ஓ.ஹெச். என்று பெயர். துரு எவ்வளவு, பழுது பார்க்க என்ன செலவு, அந்தச் செலவுக்கு வண்டி தகுமா என்று கணக்குப் பார்த்து, பல கையெழுத்துகள் விழுந்த பிறகே கண்டம். வீட்டில் மட்டும் "பார்க்க நன்றாக இல்லை" என்ற ஒரே காரணத்துக்காக, பத்தே நிமிஷத்தில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

என் அபிப்பிராயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுச் சாமான்கள் வயதாகிச் சாவதில்லை, கவனிப்பின்றிச் சாகின்றன. நாம் வாங்குவதைவிட நாம் எறிவது பல சமயம் உசத்தி. மூன்றாவது விஷயம்தான் முக்கியம். பிள்ளைகள் வெளியூரில், பெரியவர்கள் மட்டும் வீட்டில் என்ற நிலை நம் சமூகத்தில் பெருகிவிட்டது. அப்படிப்பட்ட வீட்டில் பராமரிப்பு என்பது அழகுக்காகச் செய்வதல்ல. கை கால் முறியாமல் இருப்பதற்காகச் செய்வது.

எறிவது எதை?

நாம் குடியேறியிருக்கும் இந்த நாக்பூர் தேக்குக்குப் பேர்போன ஊர். வெள்ளைக்காரன் காலத்தில் மத்திய மாகாணத்தின் தலைநகரம். அந்த மாகாணத்தின் பெயரிலேயே 'சி.பி. தேக்கு' என்று மரக்கடைக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். ரயிலில் சென்னைக்குப் போகும்போது நாம் கடந்து போகும் பல்லார்ஷாவில் பெரிய மர டிப்போ உண்டு. 2023-இல் டில்லியில் திறந்த புதிய பாராளுமன்றக் கட்டடத்துக்குத் தேக்கு போனதே நாக்பூரிலிருந்துதான். பாராளுமன்றத்துக்குத் தேடிப் போகிற மரத்தை, கால் ஆடுகிறது என்பதற்காக நாம் தள்ளுவண்டியில் ஏற்றுகிறோம்!

தேக்கின் வயிரப் பகுதியில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. கறையான் அதை எளிதில் அண்டாது. வெளிறிய ஓரப்பகுதிக்கு மட்டும் அந்தக் காப்பு இல்லை. ஆகவே ஐம்பது வருஷத்துக் கட்டிலில் பழுது என்றால் பெரும்பாலும் மரத்தில் இருக்காது; மூட்டில் இருக்கும், பாலிஷில் இருக்கும்.

புதிதாக வருவது என்ன? பல வீடுகளில் அது மரத்தூளையும் சீவலையும் பசையில் குழைத்து அழுத்திய பலகை. மேலே மரம் போன்ற படம் ஒட்டியிருக்கும். ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் ரொட்டி போல உப்பும். உப்பியது பழைய நிலைக்குத் திரும்பாது. திருகாணித் துளை ஒருமுறை தளர்ந்தால் மறுபடி பிடிப்பது கஷ்டம். இரண்டு வருஷத்துக்கு ஒரு டிரான்ஸ்பர், வாடகை வீடு என்றிருக்கும் இளம் தம்பதியருக்கு அது போதும். அவர்களை நான் குறை சொல்லவில்லை. தேக்கைக் கொடுத்துவிட்டு அதை வாங்குவதுதான் எனக்கு ஒப்பவில்லை. வாங்கியே தீர வேண்டுமென்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள பிளைவுட்டில் செய்யச் சொல்லுங்கள். சாதாரண உபயோகத்துக்கு 303 என்ற எண்; சமையலறை போன்ற ஈரமான இடத்துக்கு 710 என்ற எண். பலகையிலேயே அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்கலாம்.

"பழசைப் பழுது பார்க்கிற செலவில் புதுசே வாங்கிடலாமே ஸார்?" என்று கேட்பவர்கள் உண்டு. செலவை மட்டும் பார்த்தால் சில சமயம் அது நிஜம்தான். ஆயுளையும் சேர்த்துப் பாருங்கள். மூட்டைப் பிரித்து ஒட்டி பாலிஷ் போட்ட தேக்கு நாற்காலி இன்னும் இருபது வருஷம் நிற்கும். புதுசு எத்தனை மழைக்காலம் தாங்கும் என்று விற்கிறவரையே கேளுங்கள்.

மரத்துக்கும் பருவம் உண்டு

வெட்டி அறுத்து நாற்காலியாக்கிய பிறகும் மரம் காற்றின் ஈரத்தை வாங்கும், விடும். ஈரத்தில் அகலம் கூடும்; வறட்சியில் குறையும். நீளத்தில் மாற்றம் மிகக் குறைவு. நார்க்கோட்டுக்குக் குறுக்கேதான் விளையாட்டெல்லாம். மூன்றடி அகல மேசைப் பலகை கோடைக்கும் மழைக்கும் இடையே சில மில்லிமீட்டர் கூடிக் குறையும்.

சென்னையின் கடற்கரை ஈரத்தில் வளர்ந்த நமக்கு நாக்பூரின் பருவம் முரட்டுத்தனமாகத் தோன்றும். மே மாதம் 45 டிகிரி, எலும்பை உலர்த்தும் வறட்சி. ஜூலையில் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் காற்று. நம் சாமான்கள் படுவதில் பாதிப் பாடு இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு படுவதுதான். ஆகஸ்டில் கதவு இறுகினால் உடனே மிஸ்திரியைக் கூப்பிட்டுச் சீவச் சொல்வது நம் வழக்கம். சீவாதீர்கள். மழை முடிந்து ஒரு மாதம் பொறுங்கள். தானாகவே இளகவில்லை என்றால் அப்போது சீவலாம். மழையில் சீவிய கதவில் பிப்ரவரியில் விரல் நுழையும் இடைவெளி தெரியும். அதன் வழியாகக் கொசுவும் பல்லியும் குடித்தனம் வரும்.

கூலர் காற்றை அலமாரி மேல் நேராக அடிக்க விடாதீர்கள். ஒரு பக்கம் ஈரம், மறுபக்கம் வறட்சி என்றால் பலகை வளையத்தான் செய்யும். வெளிச்சுவரை ஒட்டிய பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடம் விடுங்கள். சுவரில் ஓதம் ஏறினால் மரத்துக்கு ஏறக் கூடாது. காற்றும் போய் வர வேண்டும்.

சுவரில் உப்புப் பூத்தால் அதன்மேல் பெயிண்ட் அடிப்பது வீண். தண்ணீர் உள்ளே வருகிற வழியை அடைக்காமல் எத்தனை கோட் அடித்தாலும் அடுத்த மழையில் உரிந்துவிடும். மாடித் தளத்தில் வெடிப்பா, குழாயில் கசிவா, அடிவாரத்தில் ஊறலா என்று முதலில் கண்டுபிடியுங்கள். சுவர் நன்றாக உலர்ந்த பிறகுதான் பட்டி பார்க்க வேண்டும், வர்ணம் அடிக்க வேண்டும்.

கையால் ஆகக்கூடிய வைத்தியம்

நாற்காலி ஆடினால் நாம் முதலில் தேடுவது ஆணியும் சுத்தியலும். ஆணிதான் மூட்டுக்கு முதல் சத்துரு. அது மரத்தைப் பிளக்கும். துருப்பிடித்து மரத்தைக் கறுக்க வைக்கும். பின்னால் யாரும் பிரித்துப் பழுது பார்க்க முடியாதபடி செய்துவிடும். பழைய நாற்காலிகள் பலவற்றை வஜ்ஜிரம் காய்ச்சி ஒட்டியிருப்பார்கள். வெந்நீரும் சூடும் பட்டால் அது இளகும். மூட்டை மெதுவாகப் பிரித்து, பழைய வஜ்ஜிரத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதிய மரப்பசை தடவிச் சேருங்கள். இறுக்கிப் பிடிக்கும் கருவி இல்லையா? கால்களைச் சுற்றிக் கயிற்றைக் கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள். குச்சியை நாற்காலியில் முட்டுக்கொடுத்து ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். அதற்குள் யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்வதுதான் வீட்டில் கஷ்டமான வேலை.

கீலின் திருகாணி பிடிக்கவில்லை என்றால் பெரிய திருகாணி போட வேண்டாம். துளையில் பசை தடவிய தீக்குச்சிகளை இறுக்கிச் செருகி, காய்ந்த பிறகு பழைய திருகாணியையே முடுக்குங்கள்.

பிரம்பு தொய்ந்துவிட்டது, ஆனால் அறுபடவில்லை என்றால் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, பிரம்பின் அடிப்பக்கத்தில் வெந்நீரில் நனைத்த துணியை ஒற்றி நன்றாக ஊறவிடுங்கள். பிறகு நிழலில் காய வையுங்கள். காயும்போது பிரம்பு சுருங்கி மத்தளம் போல இழுத்துக்கொள்ளும். செலவு ஒரு செம்பு வெந்நீர்.

காபி டம்ளர் வைத்த இடத்தில் மேசையில் வெள்ளை வளையம் விழுவது தமிழர் வீட்டு அடையாளம். பழைய பாலிஷ் அரக்கைப் பாலிஷ் ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசியது. வெந்த டம்ளரின் ஈரம் அந்தப் படலத்துக்குள் மாட்டிக்கொள்வதால் வருவது அந்த வளையம். துணியைச் சுருட்டி ஸ்பிரிட்டில் லேசாக நனைத்து, பட்டும் படாமல் இரண்டு மூன்று முறை வீசித் துடைத்தால் மறைந்துவிடும். அழுத்தினால் பாலிஷும் சேர்ந்து வந்துவிடும். ஆனால் உங்கள் மேசையில் இருப்பது அரக்குப் பாலிஷ்தானா என்று முதலில் தெரிய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு, அசையாமல் இருந்தால் மெலமைன் போன்ற புதுவகை, அதற்கு இந்த வைத்தியம் பலிக்காது. ஸ்பிரிட் உள்ள இடத்தில் விளக்கோ அடுப்போ கூடவே கூடாது.

பாலிஷ் போட நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் இங்கே நல்ல காலம். மழைக்காலத்தில் போட்டால் பாலிஷ் வெள்ளையாகப் பூத்துவிடும். உப்புத்தாளை எப்போதும் நார் ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். முதலில் 120, பிறகு 220. குறுக்கே தேய்த்த கீறல் பாலிஷ் போட்ட பிறகு பளிச்சென்று தெரியும்.

பூச்சியில் இரண்டு வகை உண்டு. மண் கோடு தெரிந்தால் கறையான்; அது தரையிலிருந்து வருகிறது; சாமானுக்கு மட்டும் மருந்தடித்தால் போதாது, வரும் வழியை அடைக்க வேண்டும். குண்டூசித் துளையும் கீழே மாவு போன்ற தூளும் தெரிந்தால் அது வண்டு. அது மரத்துக்குள்ளேயே குடியிருக்கிறது. துளைகளில் மருந்து செலுத்தி அடைக்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் செலவழிக்கும் பணம் பூச்சிக்காரருக்குத்தான் லாபம்.

பெரியவர்கள் இருக்கும் வீடு

சங்க அன்பர் ஒருவர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மகன் புனேயில் இருக்கிறான். நல்ல பிள்ளை. பெற்றோர் சௌகரியமாக இருக்கட்டும் என்று தாழ்வான, மெத்து மெத்தென்ற சோபா வாங்கி அனுப்பினான். இடம் வேண்டுமென்று பழைய கைவைத்த நாற்காலிகள் இரண்டும் கபாடிக்குப் போயின. இரண்டு மாதம் கழித்து மாமி என்னிடம் சொன்னார்: "உட்கார்ந்தா எழுந்திருக்க முடியலை அண்ணா. அந்த நாற்காலின்னா கையை ஊன்றி எழுந்துப்பேன். இப்ப அவர் வந்து இழுத்துவிட வேண்டியிருக்கு. அவருக்கே முட்டி வலி."

முட்டி தேய்ந்தவர்களுக்கு வேண்டியது உறுதியான ஆசனம், சுமார் 18 அங்குல உயரம், ஊன்றி எழ இரண்டு கைகள். நம் பழைய மர நாற்காலி சொல்லிவைத்தாற்போல அப்படித்தான் இருக்கிறது. உயரம் போதாவிட்டால் நாலு கால்களுக்கும் அடியில் ஒரே அளவு மரக்கட்டை பொருத்தி உயர்த்தலாம். ஆனால் அது ஆடாமல் இருக்க வேண்டும்! ஆடும் நாற்காலி, தளர்ந்த கைப்பிடி, வழுக்கும் கால்மிதி, குளியலறை வாசலில் பெயர்ந்த டைல்ஸ் இவையெல்லாம் ஐந்நூறு ரூபாய் வேலைகள். கவனிக்காமல் விட்டால் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் போய் நிற்கும். பிள்ளைகள் ஊருக்கு வரும்போது பட்சணமும் பட்டுப்புடவையும் கொண்டு வருவது சந்தோஷம்தான். கூடவே ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் அதைவிடப் பெரிய சீர் வேறில்லை.

எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வண்டு உள்ளே பொடித்துவிட்ட கால், வெடித்த பிளாஸ்டிக் நாற்காலி, ஃபேன் துடைக்க ஏறும் நொண்டி முக்காலி, இற்றுப்போன ஒயர் எல்லாம் கண்டமேதான். தயவு தாட்சண்யம் வேண்டாம். துருப்பிடித்த இரும்பு கூலரும் அப்படியே. கூலரில் மின்சாரம் தாக்கி உயிர் போன செய்தியைக் கோடைதோறும் இங்கே படிக்கிறோம். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பார்க்காமல் மார்ச்சில் கூலரைப் போடாதீர்கள். தண்ணீர் ஊற்றும் முன் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.

வருஷத்துக்கு நாலு நாள்

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பீர்கள். நான் கேட்பது வருஷத்தில் நாலு நாள்தான்.

மார்ச்சில் ஒரு நாள்: கூலர், ஒயர், எர்த். ஜூன் பிறப்பதற்குள் ஒரு நாள்: மொட்டை மாடியின் தண்ணீர்ப் போக்கி, சுவர் வெடிப்பு, பீரோவுக்கும் சுவருக்கும் இடைவெளி. தீபாவளிக்கு முன் ஒரு நாள்: அலமாரிகளை நகர்த்தி, பின்புறம் கறையான் கோடும் ஓதமும் பார்ப்பது, புத்தகங்களையும் பட்டுத் துணிகளையும் காற்றாட வைப்பது. டிசம்பரில் ஒரு நாள்: ஒட்டுவது, பின்னுவது, பாலிஷ். சமையலறைக் காலண்டரில் இந்த நாலு நாளையும் சிவப்பு மையில் வட்டமிட்டு வையுங்கள்.

நம்மால் ஆகாத வேலைக்குக் கைவினைஞரைக் கூப்பிட வேண்டும். பிரம்பு பின்னுகிறவர்கள் இப்போது தேடினாலும் கிடைப்பது அரிது. பார்வையற்றோர் பள்ளிகளில் நெடுங்காலம் கற்றுக்கொடுத்த தொழில் அது. கண்ணால் பார்க்காமல் விரலாலேயே பிரம்பு பின்னுகிறவரிடம் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறோம். புதுச் சாமான் கடையில் ஒட்டியிருக்கும் விலையை மட்டும் வாய் திறக்காமல் கொடுத்துவிட்டு வருகிறோம். இது நியாயமா? கூலி கட்டாத தொழிலை அவர் பிள்ளை எதற்காகக் கற்றுக்கொள்வான்?

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். டிசம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்குங்கள். ஆடும் நாற்காலி, தொய்ந்த பிரம்பு, பிடிக்காத கீல் எது இருந்தாலும் அங்கத்தினர்கள் ஹாலுக்குக் கொண்டு வரட்டும். ரயில்வேயிலும் மற்ற தொழிற்சாலைகளிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். எல்லாருடைய கையும் சும்மாதான் இருக்கிறது. ஒரு தச்சரையும் பிரம்பு பின்னுகிறவரையும் உரிய கூலி கொடுத்து அழைப்போம். முக்கியமாகக் குழந்தைகள் வர வேண்டும். பத்து வயதுப் பெண்ணும் பையனும் திருப்புளி பிடித்து ஒரு திருகாணியை முடுக்கட்டும், உப்புத்தாளை நார் ஓடும் திசையில் தேய்க்கட்டும்.

பசை, உப்புத்தாள், கயிறு ஆகிய செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். தேதியைச் செயற்குழு சொல்லட்டும்.